வட்டப் பொருளாதாரத்தில் உயிர்ச்சக்தியின் பங்கு



2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுச் சிலிண்டருக்காக உங்கள் வீட்டார் நீண்ட வரிசையில் காத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு முந்திய ஆண்டு, 2021 மே மாதத்தில், இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அத்தடை அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நீக்கப்பட்டபோதிலும் காலபோக நெற்செய்கையில் ஈடுபட்டிருந்த விவசாயிகள் யூரியா கிடைக்காமல் பெரிதும் பாதிக்கப்பட்டனர். உங்கள் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கேட்டால் இதைவிடப் பழைய கதை ஒன்றைச் சொல்வார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய், யூரியா முதலியன வன்னிக்குள் வருவது தடைசெய்யப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் அக்கால மாணவர்கள்.

இவ்விரு காலங்களிலும் வன்னி மக்களுக்கு இல்லாமற் போனவை இரண்டு: அடுப்புக்கு எரிபொருள், வயலுக்குப் பசளை. ஆனால் அப்போதும் மாட்டுக்கொட்டிலில் சாணம் இருந்தது. வயலில் வைக்கோல் இருந்தது. ஆலையில் உமி இருந்தது. எரிபொருளும் பசளையும் ஒரே பொருளுக்குள் இருக்கின்றன. அவ்விரண்டையும் ஒன்றை ஒன்று அழிக்காமல் பெறுவது எப்படி என்பதே இப்பாடத்தின் மையக்கருத்தாகும்.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்,
• வட்டப் பொருளாதாரம், உயிர்ச்சக்தி ஆகியவற்றை விளக்கவும்,
• உயிர்வாயு உண்டாகும் படிமுறைகளைக் கூறவும்,
• சாணத்தை எரிப்பதற்கும் நொதிக்கச் செய்வதற்கும் இடையிலான வேறுபாட்டை எடுத்துக்காட்டவும்,
• ஒரு வீட்டுக்குத் தேவையான உயிர்வாயுத் தொட்டி தொடர்பான எளிய கணிப்புகளைச் செய்யவும்
ஆற்றல் பெறுவீர்கள்.

1. நேர்கோட்டுப் பொருளாதாரமும் வட்டப் பொருளாதாரமும்

பூமியிலிருந்து மூலப்பொருளை எடுத்தல், பொருளாக ஆக்குதல், பயன்படுத்துதல், எறிதல் என ஒரே திசையில் செல்லும் முறை நேர்கோட்டுப் பொருளாதாரம் எனப்படும். இதன் தொடக்கத்தில் வளம் குறைகிறது. முடிவில் குப்பை சேர்கிறது.

ஒரு செயன்முறையின் கழிவை வேறொரு செயன்முறையின் மூலப்பொருளாக மாற்றி, பொருள்களையும் போசணைகளையும் இயன்றளவு நீண்ட காலம் பயன்பாட்டில் வைத்திருக்கும் முறை வட்டப் பொருளாதாரம் எனப்படும்.

இச்சொல் புதியதாயினும் இந்நடைமுறை நமக்குப் புதியதன்று. அறுவடை முடிந்த வயலில் மாடுகளைப் பட்டி அடைப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மாடு தாளைத் தின்கிறது. அதன் சாணமும் சலமும் அவ்வயலுக்கே எருவாகின்றன. இது ஒரு சிறிய வட்டம். ஆனால் வன்னியின் மாட்டெருவை லொறியில் ஏற்றி யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களுக்கு விற்கும்போது, அங்குள்ள தோட்டம் வளம் பெறுகிறது. இங்குள்ள வயல் தன் போசணைகளை இழக்கிறது. இழப்பை ஈடுசெய்ய விவசாயி யூரியா வாங்குகிறார். அதாவது இங்கு வட்டம் அறுந்து நேர்கோடாகிவிடுகிறது.

2. உயிர்ச்சக்தி

தாவரங்கள் ஒளித்தொகுப்பின் மூலம் சூரிய சக்தியை இரசாயனச் சக்தியாகச் சேமிக்கின்றன. இவ்வாறு தாவர, விலங்குப் பொருள்களில் அடங்கியுள்ள சேதனப் பொருள் உயிர்த்திணிவு எனவும், அதிலிருந்து நாம் பெறும் சக்தி உயிர்ச்சக்தி எனவும் அழைக்கப்படும். விறகு, உமி, சாணம், வைக்கோல், சமையலறைக் கழிவு என்பன உயிர்த்திணிவுகளாகும்.

உயிர்த்திணிவை எரித்தாலும் காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. சுவட்டு எரிபொருளை எரித்தாலும் அதுவே வெளிவருகிறது. அவ்வாறாயின் வேறுபாடு என்ன? மாடு தின்ற புல்லில் உள்ள காபன் அண்மையில் வளிமண்டலத்திலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த பருவத்தில் முளைக்கும் புல் அதை மீண்டும் எடுக்கும். சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய் ஆகியவற்றில் உள்ள காபனோ பல மில்லியன் ஆண்டுகளாக நிலத்தினுள் இருந்தது. அதனை எரிக்கும்போது வளிமண்டலத்துக்கு மேலதிக காபன் சேர்கிறது.

கவனிக்க: வெட்டும் வேகத்தில் மரம் மீண்டும் வளர்ந்தால் மட்டுமே விறகு மீளப் புதுப்பிக்கத்தக்க சக்தி முதலாகும். காட்டை அழித்துப் பெறும் விறகு அவ்வாறாகாது.

3. வன்னியில் கிடைக்கும் உயிர்த்திணிவுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் நெற்செய்கையும் கால்நடை வளர்ப்பும் சேர்ந்த பிரதேசங்கள். இங்கு கிடைக்கும் முக்கிய உயிர்த்திணிவுகள் வருமாறு:

அ. சாணம்: உயிர்வாயு உற்பத்திக்கு மிகவும் உகந்தது. தேவையான பற்றீரியாக்கள் அதில் இயல்பாகவே உள்ளன.

ஆ. வைக்கோல்: ஒரு தொன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 5–8 கி.கி. நைதரசனும் 12–17 கி.கி. பொற்றாசியமும் உண்டு. அறுவடை இயந்திரம் வயலில் விட்டுச்செல்லும் வைக்கோலுக்குத் தீ வைத்தால் அதிலுள்ள நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். பொசுபரசில் சுமார் நாலில் ஒரு பங்கும் பொற்றாசியத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கும் இழக்கப்படும். ஒரு தீக்குச்சியால் இழக்கப்படும் பசளை இது.

இ. உமி: நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல்லை அவிக்கத் தேவையான நீராவியைப் பெற உமி எரிக்கப்படுகிறது. நெல்லின் கழிவே நெல்லைப் பதப்படுத்தும் எரிபொருளாகிறது. உமியின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். இச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா ஆகும்.

ஈ. கிளிரிசிடியா: வேலிகளில் நடப்படும் இம்மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்க்கணுக்களில் உள்ள பற்றீரியாக்களின் உதவியால் வளிமண்டல நைதரசனைப் பதிக்கும். இலை பசுந்தாட்பசளையாகவும் ஆட்டுக்குத் தீவனமாகவும், தண்டு விறகாகவும் பயன்படும். வெட்ட வெட்டத் தளிர்க்கும். திருகோணமலையிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலை ஒன்றின் மின்னிலையத்தில் இதன் தண்டும் உமியும் எரிபொருளாகப் பயன்படுத்தப்படுகின்றன.

உ. சந்தை, சமையலறை, மீன் கழிவுகள்: மரக்கறிக் கழிவு, சோற்றுக் கழிவு, கரையோரக் கிராமங்களின் மீன் கழிவு என்பனவும் உயிர்வாயுத் தொட்டிக்கு ஏற்றவை. எனினும் இவற்றைச் சாணத்துடன் சிறிது சிறிதாகவே சேர்த்தல் வேண்டும்.

4. உயிர்வாயு உண்டாகும் விதம்

சேதனப் பொருள்கள் ஒட்சிசன் அற்ற நிலையில் நுண்ணங்கிகளால் பிரிகையடையும்போது உண்டாகும் வாயுக்கலவை உயிர்வாயு எனப்படும். சேற்றுக்குளத்தைத் தடியால் கிளறும்போது மேலெழும் குமிழிகளிலும் இவ்வாயு உண்டு. இத்தாலிய விஞ்ஞானி அலெசாந்திரோ வோல்ற்றா 1776ஆம் ஆண்டில் ஏரிச்சேற்றிலிருந்து எழுந்த இவ்வாயுவைச் சேகரித்து, அது எரியும் தன்மையுடையது எனக் காட்டினார். 1895இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து பெற்ற வாயுவால் தெருவிளக்குகள் எரிக்கப்பட்டன.

உயிர்வாயுவின் அமைப்பு:
மெதேன் – சுமார் 50–70 சதவீதம்
காபனீரொட்சைட்டு – சுமார் 30–40 சதவீதம்
ஐதரசன் சல்பைட்டு, நீராவி முதலியன – சிறிதளவு

இதில் எரியும் முக்கிய கூறு மெதேன் ஆகும்.

மெதேன் + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர் + வெப்பசக்தி

தொட்டியினுள் நடைபெறும் படிமுறைகள்:
(1) நீர்ப்பகுப்பு – காபோவைதரேற்று, புரதம், கொழுப்பு ஆகிய பெரிய மூலக்கூறுகள் வெல்லம், அமினோவமிலம் போன்ற சிறிய மூலக்கூறுகளாக உடைதல்.
(2) அமிலமாக்கல் – அவை சேதன அமிலங்களாக மாறுதல்.
(3) அசற்றிக்கமில உருவாக்கம் – அவ்வமிலங்கள் அசற்றிக்கமிலம், ஐதரசன், காபனீரொட்சைட்டு ஆகியவையாக மாறுதல்.
(4) மெதேனாக்கம் – மெதேன் ஆக்கும் நுண்ணங்கிகள் இவற்றிலிருந்து மெதேனை உண்டாக்குதல்.

தேவையான நிபந்தனைகள்:
• ஒட்சிசன் இல்லாதிருத்தல்.
• 30–37 பாகை செல்சியசு அளவிலான வெப்பநிலை. வன்னியின் காலநிலை இதற்கு இயற்கையாகவே பொருந்துகிறது. குளிர்நாடுகளில் தொட்டியைச் சூடாக்க வேண்டும். இங்கு அது வேண்டியதில்லை.
• நடுநிலைக்கு அண்மித்த பீ.எச். பெறுமானம். ஒரே தடவையில் அதிக உணவுக்கழிவைக் கொட்டினால் அமிலம் மிகுந்து மெதேனாக்கம் நின்றுவிடும்.
• சாணமும் நீரும் ஏறத்தாழ 1 : 1 விகிதத்தில் கலக்கப்படுதல்.
• கலவை தொட்டியினுள் 40–60 நாள்கள் தங்கியிருத்தல்.

5. தொட்டி வகைகள்

நிலைத்த குவிமாட வகை (சீன வகை): நிலத்தின் கீழ்ச் செங்கல், சீமெந்தினால் கட்டப்படும். அசையும் பகுதிகள் இல்லை. நீண்டகாலம் பயன்படும். ஆயினும் வாயு கசியாதபடி கட்டுவதற்குத் தேர்ச்சி பெற்ற மேசன் தேவை.

மிதக்கும் உருளை வகை (இந்திய வகை): வாயு சேரும்போது மேலுள்ள உருளை உயரும், பயன்படுத்தும்போது தாழும். எவ்வளவு வாயு உண்டென்பதைக் கண்ணாலே அறியலாம். இரும்பு உருளையாயின் துருப்பிடிக்கும்.

உலர் தொகுதி வகை: இலங்கையின் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையத்தினால் வைக்கோலுக்கெனப் பிரபலப்படுத்தப்பட்டது. வைக்கோலை ஒரே தடவையில் நிரப்பிச் சாணத்துடன் மூடிவிட்டால் பல மாதங்களுக்கு வாயு கிடைக்கும். நாள்தோறும் சாணம் கரைக்க வேண்டியதில்லை. மாடில்லாத நெற்செய்கையாளருக்கும், வைக்கோலுக்குத் தீ வைக்கும் வழக்கத்துக்கும் இது ஒரு மாற்றுவழியாகும்.

6. வட்டம் எங்கே பூர்த்தியாகிறது?

இதுவே இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி. ஒரே கூடைச் சாணத்தை நான்கு விதமாகப் பயன்படுத்தலாம். அவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

(1) வெயிலில் விடுதல் – சக்தி கிடைக்காது. நைதரசனின் ஒரு பகுதி அமோனியாவாக வெளியேறும். மழையில் கரைந்தும் போகும்.
(2) வரட்டியாக எரித்தல் – சக்தி கிடைக்கும். நைதரசன் இழக்கப்படும். புகையினால் சமைப்பவரின் கண்ணும் சுவாசப்பையும் பாதிக்கப்படும்.
(3) கூட்டெருவாக்குதல் – நல்ல பசளை கிடைக்கும். வெளிவிடப்படும் வெப்பம் பயன்படுத்தப்படாமல் போகும்.
(4) உயிர்வாயுத் தொட்டியில் இடுதல் – சக்தியும் பசளையும் கிடைக்கும்.

நான்காவது முறையில் மட்டும் இரண்டும் கிடைப்பது ஏன்? மெதேன் காபனும் ஐதரசனும் சேர்ந்த சேர்வை. காபனீரொட்சைட்டு காபனும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை. எனவே தொட்டியிலிருந்து வாயுவாக வெளியேறுபவை பெரும்பாலும் இம்மூன்று மூலகங்களே. அவற்றைத் தாவரம் வளியிலிருந்தும் நீரிலிருந்தும் மீண்டும் பெற்றுக்கொள்ளும். மண்ணிலிருந்து வந்த நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியன தொட்டியிலிருந்து வெளிவரும் குழம்பிலேயே தங்கிவிடுகின்றன. மேலும் நைதரசனின் ஒரு பகுதி பயிர் இலகுவில் உறிஞ்சக்கூடிய அமோனியம் வடிவத்துக்கு மாறியிருக்கும்.

ஆகவே அடுப்பில் நீலச்சுவாலை தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டதென எண்ணக்கூடாது. குழம்பை வேலியோரம் வழியவிட்டால் அது வெறும் எரிவாயு உற்பத்தியே, வட்டப் பொருளாதாரமன்று. குழம்பு வயலுக்கோ தோட்டத்துக்கோ திரும்பும்போதுதான் வட்டம் பூர்த்தியாகிறது. குழம்பை வெயிலில் உலர்த்தினால் அமோனியா வெளியேறும் என்பதால் நிழலில் சேமித்து, இட்டவுடன் மண்ணுடன் கலத்தல் நன்று.

இன்னொரு நன்மையும் உண்டு. மெதேன் ஒரு பச்சைவீட்டு வாயு. நூறு ஆண்டுக் காலத்தைக் கருதும்போது, சம திணிவான காபனீரொட்சைட்டைவிட அது பூமியைச் சுமார் 28 மடங்கு வெப்பமாக்கக்கூடியது. எனவே அதனைச் சேகரித்து எரிப்பது, வெளியே விடுவதைவிட நல்லது. இதனாலேயே தொட்டியிலோ குழாயிலோ கசிவு இருப்பின் உடனே திருத்த வேண்டும்.

7. கணிப்பு

தரவுகள்:
• ஒரு வீட்டில் இரவில் கட்டப்படும் மாடுகள் – 4
• ஒரு மாட்டிலிருந்து இரவில் சேகரிக்கக்கூடிய சாணம் – 5 கி.கி.
• 1 கி.கி. சாணத்திலிருந்து கிடைக்கும் உயிர்வாயு – 0.04 கன மீற்றர்
• 1 கன மீற்றர் உயிர்வாயுவுக்குச் சமவலுவான சமையல் எரிவாயு – 0.45 கி.கி.
• கலவை தொட்டியில் தங்கும் காலம் – 50 நாள்கள்

(அ) நாளொன்றுக்குக் கிடைக்கும் சாணம் = 4 × 5 = 20 கி.கி.

(ஆ) நாளொன்றுக்குக் கிடைக்கும் உயிர்வாயு = 20 × 0.04 = 0.8 கன மீற்றர்

(இ) இதற்குச் சமவலுவான சமையல் எரிவாயு = 0.8 × 0.45 = 0.36 கி.கி.
12.5 கி.கி. சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாகும் நாள்கள் = 12.5 ÷ 0.36 = ஏறத்தாழ 35 நாள்கள்

(ஈ) நாளொன்றுக்கு இடப்படும் கலவை = 20 கி.கி. சாணம் + 20 லீற்றர் நீர் = ஏறத்தாழ 40 லீற்றர்
கலவைக்குத் தேவையான கனவளவு = 40 × 50 = 2000 லீற்றர் = 2 கன மீற்றர்
(வாயு சேர்வதற்கான இடம் இதற்கு மேலதிகமாகத் தேவை.)

(உ) சாணத்தில் 0.4 சதவீதம் நைதரசன் உண்டெனக் கொண்டால்,
ஓராண்டுச் சாணம் = 20 × 365 = 7300 கி.கி.
அதிலுள்ள நைதரசன் = 7300 × 0.4 ÷ 100 = 29.2 கி.கி.
யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. எனவே சமவலுவான யூரியா = 29.2 ÷ 0.46 = ஏறத்தாழ 63 கி.கி.
அதாவது 50 கி.கி. மூடைகளில் ஒன்றேகால் மூடை.

இவ்விடையை நேர்மையாக விளங்கிக்கொள்ளுங்கள். நான்கு மாடுகள் ஒரு குடும்பத்தின் அடுப்பில் பெரும்பகுதியைத் தாங்கக்கூடும். ஆனால் அவற்றின் குழம்பு பல ஏக்கர் வயலின் பசளைத் தேவையை முழுமையாக நிறைவுசெய்யாது. வீட்டுத்தோட்டத்துக்குப் போதியதாகலாம், வயலில் யூரியாவின் அளவைக் குறைக்க உதவலாம். தயாரிப்பின்றி ஒரே நாளில் இரசாயனப் பசளையை நிறுத்தியதால் 2021இல் நேர்ந்த இடர்ப்பாட்டையும் இக்கணக்கைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

8. மட்டுப்பாடுகளும் பாதுகாப்பும்

• வன்னியில் பெருமளவு மாடுகள் மேய்ச்சலுக்கு விடப்படுகின்றன. பகலில் விழும் சாணத்தைச் சேகரிப்பது கடினம். இரவில் கொட்டிலிலோ பட்டியிலோ அடைத்தால் மட்டுமே போதிய சாணம் கிடைக்கும்.
• நாள்தோறும் நீர் தேவை. சிறுபோகக் காலத்தில் கிணறு வற்றும் இடங்களில் இது ஒரு பிரச்சினை. அரிசி கழுவிய நீர் போன்ற சவர்க்காரம் சேராத நீரைப் பயன்படுத்தலாம்.
• தொடக்கச் செலவு அதிகம். மாடுகளை விற்றுவிட்டால் தொட்டி பயனற்றுப்போகும்.
• மெதேன் வளியுடன் சுமார் 5–15 சதவீதம் கலந்திருக்கும்போது வெடிக்கக்கூடியது. கசிவைச் சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகிறதா எனப் பார்த்தே அறிய வேண்டும்; ஒருபோதும் தீக்குச்சியால் சோதிக்கக்கூடாது.
• ஐதரசன் சல்பைட்டு நச்சு வாயு. தொட்டியினுள் ஒட்சிசனும் இல்லை. எக்காரணம் கொண்டும் தொட்டியினுள் தனியே இறங்கக்கூடாது.

மறுபுறத்தில், விறகுக்காக அலையும் நேரம் மீதமாகிறது. போர் முடிந்து மீள்குடியேறிய பகுதிகளில், கண்ணிவெடி அகற்றப்படாத பற்றைக்குள் விறகு தேடிச் செல்வது உயிராபத்தானது என்பதை நீங்கள் அறிவீர்கள். மூன்று கல் அடுப்பில் விறகின் சக்தியில் சுமார் 10–15 சதவீதமே பாத்திரத்தைச் சென்றடையும்; உயிர்வாயு அடுப்பில் இது 50 சதவீதத்துக்கும் மேலாகும்.

9. மாதிரி வினாக்கள்

பகுதி 1 – சரியான விடையைத் தெரிவுசெய்க.

1. உயிர்வாயுவில் எரியும் முக்கிய கூறு எது?
(1) காபனீரொட்சைட்டு (2) மெதேன் (3) நைதரசன் (4) நீராவி

2. உயிர்வாயுத் தொட்டியின் குழம்பில் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் தாவரப் போசணைகள்,
(1) நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் (2) காபன் மட்டும் (3) ஐதரசன் மட்டும் (4) எவையுமில்லை

3. பின்வருவனவற்றுள் வட்டப் பொருளாதாரத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு எது?
(1) வைக்கோலுக்கு வயலிலேயே தீ வைத்தல்
(2) சாணத்தை வரட்டியாக்கி எரித்தல்
(3) சாணத்திலிருந்து வாயுவைப் பெற்றுக் குழம்பை வயலுக்கு இடுதல்
(4) உயிர்வாயுவைப் பெற்றுக் குழம்பைக் குளத்தினுள் விடுதல்

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை வினா

முல்லைத்தீவு மாவட்டக் குடும்பம் ஒன்று இரவில் 6 மாடுகளைக் கொட்டிலில் கட்டுகிறது. மேலே தரப்பட்ட அதே தரவுகளைப் பயன்படுத்தி,
(அ) நாளாந்தம் கிடைக்கும் உயிர்வாயுவின் கனவளவைக் காண்க.
(ஆ) 12.5 கி.கி. சிலிண்டர் ஒன்று எத்தனை நாள் உற்பத்திக்கு ஈடாகும்?
(இ) கலவைக்குத் தேவையான கனவளவு யாது?
(ஈ) அக்குடும்பம் குழம்பைப் பயன்படுத்தாது விடுமாயின் இது வட்டப் பொருளாதாரம் ஆகாது. ஏன்?

விடைகள்
பகுதி 1: 1 – (2), 2 – (1), 3 – (3)
பகுதி 2: (அ) 30 × 0.04 = 1.2 கன மீற்றர். (ஆ) 1.2 × 0.45 = 0.54 கி.கி.; 12.5 ÷ 0.54 = ஏறத்தாழ 23 நாள்கள். (இ) 60 × 50 = 3000 லீற்றர் = 3 கன மீற்றர். (ஈ) மண்ணிலிருந்து பெறப்பட்ட நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியன மண்ணுக்குத் திரும்பாமையால், அவ்விழப்பை வெளியிலிருந்து வாங்கும் பசளையால் ஈடுசெய்ய நேரிடும். குழம்பு நீர்நிலையைச் சேரின் நீர் மாசடைதலும் ஏற்படும்.

பரீட்சைக் குறிப்பு: பகுதி 2 (ஈ) போன்ற வினாக்களுக்கு "சூழலுக்கு நல்லது" எனப் பொதுவாக எழுதுவதைத் தவிர்க்கவும். எப்போசணை, எங்கிருந்து எங்கே செல்கிறது எனக் குறிப்பிட்டு எழுதவும்.

செயற்பாடு: உங்கள் வீட்டிலோ அயல்வீட்டிலோ ஒரு வாரத்துக்குச் சேரும் சாணம், வைக்கோல், சமையலறைக் கழிவு ஆகியவற்றை நிறுத்துக் குறித்துக்கொள்க. அவை இப்போது எங்கே போகின்றன என்பதை அம்புக்குறிகளால் வரைக. எந்த அம்பு வயலுக்குத் திரும்பவில்லையோ, அங்குதான் உங்கள் குடும்பத்தின் பணமும் மண்ணின் வளமும் வெளியேறுகின்றன.

மாணவர்களே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. இப்பாடத்தில் நீங்கள் கணக்கிட்ட தொட்டியை நாளை வடிவமைக்கக் கற்கும் இடம் உங்கள் ஊருக்கு அருகிலேயே உள்ளது. இன்னொரு தட்டுப்பாடு வரும்போது வரிசையில் நிற்பதா, கொட்டிலைப் பார்ப்பதா என்பதைத் தீர்மானிக்கப்போகிறவர்கள் நீங்களே. நன்கு படியுங்கள், வெற்றி உங்களுக்கே.